பவிரோவின் படம் சிக்கிய பெட்டி

எங்கள் சந்தில் யார் இறந்தாலும் ஆயிரமாவது நாள் ஓதலுக்கான யாசின் புத்தகம் வுர்யானியக்காவின் முன்னறையில்தான் உருவாகும். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், பிறகு குர்ஆனிலிருந்து ஓதும் பகுதி, கடைசியில் வீட்டாரின் நன்றி. ஓத வந்தவர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு அதையும் எடுத்துப்போய் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணப் பத்திரிகையும் அவர்தான் செய்வார். என் பெயருக்குப் பின்னால் பட்டத்தை முதன்முதலில் அச்சில் போட்டவர் அவரே. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன் என்பதால், அந்த இரண்டெழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போடச் சொன்னேன்.

“மாப்பிள்ளை பேரவிட பட்டம் பெருசா இருந்தா, பொண்ணு யாரைக் கட்டிக்கிறான்னு கேப்பாங்க தம்பி” என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொடுத்தார்.

அக்கா முதலில் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, வீட்டில் ஒரு தையல் மெஷின் போடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ யோக்யா நகரின் பழஞ்சாமான் சந்தைக்குப் போய் ஒரு மதர்போர்டோடு திரும்பினார். அடுத்து ஒரு பெட்டி வந்தது, பக்கவாட்டுத் தகடு இல்லாதது. சிடி டிரைவ், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. “தையக்காரி கம்ப்யூட்டர் தைக்கிறாளாம்” என்று முனைச் சோற்றுக்கடையில் சிரித்தார்கள். அக்காவும் அங்கேயே உட்கார்ந்து வறுத்த தெம்பே சோயா வில்லையைக் கடித்தபடி, “ஆமா, காஜா எடுக்கிறது மட்டும் பாக்கி” என்றார். கடைசியில் அது ஓடியது. இல்லாத தகட்டுக்குப் பதிலாக, பழைய பாத்திக் துணியில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்து, பெட்டி முழுக்க மாட்டிவிட்டார்.

உறை வந்தது தூசிக்காக. எறும்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போன மழைக்காலத்தில் கீபோர்டுக்குள் எறும்பு முட்டையிட்டு வைத்தது. அக்காவின் கணவர் துகிமான் அண்ணன் மினிபஸ் ஓட்டுகிறவர். மேசையருகே உட்கார்ந்து சர்க்கரை மிதக்கும் தேநீர் குடிப்பது அவர் வழக்கம். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது சந்துக் கடைசி வரை கேட்டது.

இந்த மழைக்கு, காசினெம் அம்மா தன் கணவர் பவிரோவின் ஆயிரமாவது நாளுக்குப் புத்தகம் போடச் சொல்லி ஒரு படம் கொண்டுவந்தார். பவிரோவுக்கு இருந்ததே அந்த ஒரு படம்தான். கேமராவைக் கண்டால் வாழைத் தோப்புக்குள் ஓடுகிற மனிதர். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், கையில் சோற்றுத் தட்டு இருந்ததால் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார். அக்கா அதை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரமே கூரை ஓடு நகர்ந்து, மழை சுவரிலிருந்த படச் சட்டத்துக்குள் இறங்கி, படத்திலிருந்த முகம் கரைந்துபோனது.

“உங்கிட்ட இருக்கில்லடி?” என்று காசினெம் அம்மா ஓடிவந்து கேட்டார்.

“பத்திரமா இருக்கும்மா.”

மறுநாள் மதியம் இடி இடித்து மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது கணினி மட்டும் வரவில்லை. கருப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் படித்தது மண்ணைப் பற்றி. ஆனால் எங்கள் சந்தில் பட்டதாரி என்றால் டிவி முதல் ஊசி மருந்து வரை எல்லாம் தெரிந்தவன். அந்த மரியாதையை நானும் மறுத்ததில்லை. கல்லூரியில் நண்பன் கொடுத்த லினக்ஸ் சிடி ஒன்று என்னிடம் இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இருப்பது எழாவிட்டாலும், அந்த சிடியிலிருந்தே கணினியைக் கிளப்பி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடலாம்.

சிடியைப் போட்டோம். விளக்கு மினுக்கியது, உள்ளே ஏதோ சுழன்றது, நின்றது. மறுபடியும் அதே கருப்புத் திரை.

கணினி முதலில் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற வரிசையில் ஹார்ட் டிஸ்க் முன்னால் இருந்தது. சிடியை முன்னால் வைத்தேன். பலனில்லை. அக்கா பட்டைக் கேபிளைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். டிரைவின் பின்னாலிருந்த குட்டி ஜம்பர் இணைப்பைச் சரிபார்த்தார். எல்லாம் சரி. டிரைவின் பெயரும் திரையில் ஒழுங்காக வந்தது.

“ஆள் இருக்கான்னு தெரியுது. வாயத் திறக்க மாட்டேங்குது” என்றார் அக்கா.

சிடியைப் பக்கத்துத் தெரு மாணவர்களின் கணினியில் போட்டுப் பார்த்தேன். உடனே ஓடியது. ஆக, சிடி நல்லது. அவர்களுடையது புது ரகம் என்பதால் எங்கள் ஹார்ட் டிஸ்கையோ டிரைவையோ அதில் மாட்ட வழியில்லை. டவுனில் இருந்த கடைக்காரரிடம் போனில் கேட்டேன். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றேன்” என்றார். ‘அழிச்சிட்டு’ என்று நான் திருப்பிச் சொல்லக் கேட்டதுமே அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அவித்த மரவள்ளிக்கிழங்கோடு காசினெம் அம்மா உள்ளே நுழைந்தார்.

“என்னடி இது, கோழிய உரிச்சுப் போட்ட மாதிரி போட்டிருக்க?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லிவிட்டார். அந்த அம்மா கிழங்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

“எனக்கு அவர் முகம் மறக்காது. ஆனா பேரப்பிள்ளைங்களுக்கு அவரப் பார்த்த நெனப்பே இல்லியே. இதான் ஒங்க தாத்தான்னு எதக் காட்டுவேன்?”

அக்கா டிரைவின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். காசினெம் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“அலமாரி திறந்திருக்கா? அந்துருண்டை நெடி தூக்குது.”

“இந்த அறையில எப்பவும் அடிக்கிறதுதாம்மா. அலமாரி அங்க இருக்கே.”

“அங்கேருந்து வரலடி. இங்கேருந்து வருது.” கிழங்கைப் பிடித்த கையாலேயே பெட்டியைக் காட்டினார்.

அக்கா குனிந்து டிரைவ் இருந்த தட்டுக்குப் பின்னால் விரலை விட்டார். ஒரு சின்னத் துணி முடிச்சு வந்தது. அவிழ்த்தால், தேய்ந்துபோன வெள்ளை உருண்டைகள். டிரைவின் மூடியைத் திறந்தோம். சிடியைப் படிக்கிற கண்ணாடிப் பொட்டின் மேல் பனி படிந்ததுபோல் வெள்ளையாக ஒரு ஏடு.

“ஏங்க!” என்றார் அக்கா. பின்கட்டிலிருந்து துகிமான் அண்ணன் ஈரக் கையோடு வந்தார். முடிச்சைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார்.

“நில்லுங்க. யாரு வச்சது?”

“எறும்பு வரக்கூடாதுன்னுதான்... உன் கல்யாணக் கெபாயாச் சட்டைய அதுதானே இத்தன வருஷமா காப்பாத்துது.”

“கெபாயாவும் கம்ப்யூட்டரும் ஒண்ணா?”

“ரெண்டையும் தொட்டா நீ கத்துற. ஒண்ணுன்னுதான் நெனச்சேன்.”

காசினெம் அம்மாவுக்குக் கிழங்கு புரை ஏறியது. அக்கா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். துணி உறைக்குள் அடைபட்ட அந்துருண்டை ஆவி, மழை தொடங்கிய நாளிலிருந்து போக வழியில்லாமல் அந்தக் கண்ணாடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, அக்கா குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல் துடைத்தார். மூடி, மாட்டி, பொத்தானை அழுத்தினார். விளக்கு மினுக்கியது. சுழன்றது. நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் மளமளவென்று இறங்கத் தொடங்கின. பெரும் பாரத்தை இறக்கிவைத்தவர்போல் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என் பென்டிரைவைச் சொருகினேன். முதலில் படத்தை அதில் நகலெடுத்தேன், பிறகுதான் திறந்தேன்.

பவிரோ வந்தார். ஒரு கன்னம் சோற்றில் உப்பியிருக்க, நெஞ்சோடு தட்டை அணைத்துக்கொண்டு, எங்களைக் கண்டு எரிச்சலோடு நின்றார்.

காசினெம் அம்மா திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“மேல் பட்டனப் போடுங்கன்னு அன்னிக்கும் சொன்னேன். போடல பாரு.”

“கவலைப்படாதீங்கம்மா. பட்டன் போட்டுடலாம், தலையில ஒரு குல்லா வச்சிடலாம். அந்தத் தட்டையும் எடுத்துட்டு, பின்னாடி நீலமா போட்டுடறேன்” என்றார் அக்கா. எல்லாருக்கும் செய்வது அதுதான்.

“தட்ட மட்டும் எடுத்துடாதடி” என்றார் காசினெம் அம்மா. “எடுத்தா ஓடிப்போயிடுவாரு.”

ஓதலன்று புத்தகத்தைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். குல்லா இல்லை, நீலமும் இல்லை. காசினெம் அம்மாவின் கடைசிப் பேத்தி மட்டும் அடக்கவில்லை. “தாத்தா சாப்பிடறாரு!” என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.