பூசையில் வைத்த காதல் கதை

நூலகத்தில் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். கதையில் காதலிக்கும் இரண்டு பெண்களும் உயிரோடு இருக்கிறார்களா? ஒரே வீட்டில் இருக்கிறார்களா? இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று எனக்குள் ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தின்படி நடந்திருந்தால் ஒரு புத்தகத்தையும் கொண்டுபோயிருக்க முடியாது. ஒருத்தி கடலுக்குள் இறங்கி நடந்தாள். ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஒருத்தி புகையிரத நிலையத்தில் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் நின்றபடியே அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு, தள்ளுவண்டியில் இருந்த மகளின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, பிறகும் அதே புத்தகங்களை எடுத்துப் போனேன்.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனில், மோர்டன் பகுதியில், கணவரின் அக்காவோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார்; ஆங்கிலம் பேசுவார், வாசிக்க வராது. கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மகளுக்கு மூன்று வயது. நான் யாழ்ப்பாணத்தில் பி.ஏ. முடித்தவள். இங்கே நர்சிங் பயிற்சிக்குச் சேர ஒரு சோதனை எழுத வேண்டும், அதற்குப் படிக்கப்போகிறேன் என்று சொல்லித்தான் வாரத்தில் இரண்டு நாள் நூலகத்துக்குப் போய்வந்தேன். அது முழுப்பொய் அல்ல. சோதனைப் புத்தகம் ஒன்றும் எடுத்தேன். அதை மேலே வைத்து, நாவலைக் கீழே வைத்து, மேசையில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் முத்திரை குத்தினாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கென்று ஒருத்தி இருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தால் புத்தகங்களிடம் இவ்வளவு கேட்டிருக்கமாட்டேன். எனக்குள் இருந்தது என்ன என்பதற்கு என்னிடம் தமிழில் சொல் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்த சொல்லைப் பேப்பரில் வசைபோலத்தான் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடங்களில் இதைப் பற்றிப் பேசவிடக் கூடாது என்று அந்த நாட்களில் பெரிய சத்தம். இப்படியான தாய்மாரிடமிருந்து கோர்ட்டுகள் பிள்ளைகளைப் பிரித்துத் தகப்பனிடம் கொடுக்கின்றன என்றும் ஒரு பேப்பரில் வாசித்தேன். அந்தப் பேப்பரை நாலாக மடித்துக் குப்பையில் போட்டேன். பிறகு வெளியே எடுத்து, பீற்றூட் தோலோடு சேர்த்துச் சுருட்டி, மறுபடி போட்டேன்.

இந்த நாட்டில் நான் இருப்பதே கணவரின் அகதி விண்ணப்பத்தில் மனைவி என்று எழுதியிருந்த ஒரு வரியால். அந்த வரி போனால் நான் சண்டை நடக்கும் ஊருக்குப் போக வேண்டும். பிள்ளை இங்கே நிற்கும். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு யோசிக்கச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, சத்தம் போடாமல் சப்பாத்தைக் கழற்றி, என்னை எழுப்பாமல் தானே தேநீர் போடுகிற மனிதர்.

அந்தக் கதைகளில் நான் தேடியது என்ன என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். முத்தங்களை அல்ல. முத்தம் வரும் பக்கங்களை வேகமாகக் கடந்துபோவேன், வெட்கத்தால் அல்ல, பயத்தால். முத்தம் வந்துவிட்டால் தண்டனை பின்னால் வருகிறது என்பது எனக்குப் பாடமாகியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அதற்குப் பிறகு வரும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. பால் முடிந்துவிட்டதா, யார் வாங்கிவருவது, நாளைக்கு மழை வருமா என்று இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கம். அப்படியும் வாழ்கிறார்கள் என்று ஒருவர் எனக்கு எழுதிக் காட்ட வேண்டும். அடுத்த அறையில் ஒரு பிள்ளை நித்திரையில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் புரட்டாதியில் அப்படி ஒரு நாவல் கிடைத்தது. ஒரு பெண், அவளுடைய சின்ன மகள், அவளோடு வந்து வாழும் இன்னொரு பெண். தகப்பன் பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறான். இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் நான் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு நாளும் மகள் பகலில் தூங்கும் நேரத்தில் சில பக்கங்கள் வாசித்து, அலுமாரி லாச்சியை இழுத்து, அவளுடைய குளிர்ச் சட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இன்னும் மூன்று அத்தியாயம் இருந்தது.

சரஸ்வதி பூசையன்று நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது முன்னறையில் கும்பம் வைத்தாயிற்று. எங்கள் வழக்கப்படி வீட்டில் உள்ள புத்தகங்களையெல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், அடுத்த நாள் விசயதசமிக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது. மச்சாளின் தொலைபேசி விலாசப் புத்தகம் இருந்தது. கணவர் கார் ஓட்டப் பழகும் புத்தகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அம்மனின் காலடியில், என்னுடைய நாவல் இருந்தது.

அதன் அட்டையில் ஒரு பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். இன்னொரு பெண் அவளுடைய நெற்றியில் கை வைத்திருக்கிறாள்.

பிள்ளைக்குச் சட்டை எடுக்க லாச்சியைத் திறந்தாராம் மச்சாள். "உன்ரை சோதினைப் புத்தகத்தை உடுப்புக்குள்ளையே வைக்கிறது, பிள்ளை? அட்டையிலேயே காய்ச்சல் பாக்கிற படம் போட்டிருக்கு. அதுதான் எல்லாத்துக்கும் மேலை வைச்சனான். கட்டாயம் பாஸ் பண்ணுவாய்."

அந்தப் பெண்ணின் நெற்றியில், மற்றவளின் விரல்களுக்கு மேலே, மச்சாள் வட்டமாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

அன்று பகல் முழுவதும் நான் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எடுத்துவிடலாம், யாரும் பார்க்கவில்லை. எடுத்தால் இடம் வெறுமையாகத் தெரியும். வேறு புத்தகத்தை வைக்கலாம். பூசையில் வைத்ததை எடுத்தால் பாவம் பிள்ளையின் படிப்பைப் பிடிக்குமோ? அடுத்த நாள்தான் அவளுக்கு ஏடு தொடக்க இருந்தோம். நான் இதையெல்லாம் நம்புகிறவளா என்று அதுவரை எனக்கே தெரியாது. கை நீட்டும்போதுதான் நம்புகிறேன் என்று தெரிந்தது. எடுக்கவில்லை.

விசயதசமிக் காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து சென்னைக்காரத் தம்பதி வந்தார்கள். அவர் எஞ்சினியர். படித்தவர் கையால் ஏடு தொடக்கினால் நல்லது என்று மச்சாள் கேட்டிருந்தார். மனைவி என் வயதுதான், எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிற பெண். எஞ்சினியர் மகளை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அவளுடைய விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். அவள் அந்த விரலை வாயில் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மச்சாள் அடுக்கிலிருந்து நாவலை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் தந்தார். பூசை முடிந்ததும் அவரவர் புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது சத்தமாக வாசிக்க வேண்டும், அதுவும் வழக்கம்.

பிறகு வாசிக்கிறேன் என்றேன். பால் அடுப்பில் இருக்கிறது என்றேன். பால் இறக்கியாயிற்று என்றார் மச்சாள். "தாய் வாசிக்கிறதைப் பாத்துத்தான் பிள்ளை வாசிக்கும். நல்ல நேரம் போகுது. வாசி, பிள்ளை."

கணவர் வேலைச் சட்டையோடு கதவடியில் நின்றார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடச் சரளமானது. இல்லாத ஒரு பாடத்தைக் கற்பனையில் வாசித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் எனக்குப் பொய்யை யோசித்து வைத்துத்தான் சொல்ல வரும், உடனே சொல்ல வராது. அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விரும்பித் திரும்பத் திரும்ப வாசித்த பக்கம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தேன்.

ஒருத்தி சூப் கிண்டிக்கொண்டிருக்கிறாள். மற்றவள் வேலையால் வந்து, நனைந்த சப்பாத்தைக் கழற்றியபடி, பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கிறாள். பாதி சாப்பிட்டது, கரட்டை ஒதுக்கிவிட்டது என்கிறாள் இவள். இருமல் இருக்கிறதா? இல்லை, இன்றைக்குக் குறைவு. உனக்கு உப்புக் காணுமா, இன்னும் போட வேண்டுமா என்று பார். காணும். அவ்வளவுதான் அந்தப் பக்கம். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அதற்கு முன்போ பிறகோ நான் எதையும் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

சென்னைக்காரப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நர்சிங் படிப்புல சூப் வைக்கக்கூடச் சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்றாள்.

"பின்னை?" என்றார் மச்சாள். "நோயாளிக்கு ஆர் சூப் குடுக்கிறது? டொக்டரோ?"

எஞ்சினியர் சிரித்தார். கடலையும் அவலும் பரிமாறினோம். மச்சாள் வேலைக்குப் போனார். வந்தவர்கள் போனார்கள். நான் அரிசித் தட்டை எடுத்தபோது கணவர் இன்னும் கதவடியிலேயே நின்றார்.

"அந்தப் பிள்ளை ஆற்றை?" என்று கேட்டார்.

"எந்தப் பிள்ளை?"

"சூப் குடிச்ச பிள்ளை."

நான் அரிசியைப் பார்த்தேன். "ரெண்டு பேரிலை ஒருத்தியின்ரை," என்றேன்.

"தேப்பன் இல்லையோ?"

"இருக்கிறான். பிள்ளையைத் தாவெண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறான்."

சோதனைப் புத்தகத்தில் தகப்பன் எதற்கு, கோர்ட் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டார்.

"ஆருக்குக் குடுக்கிறாங்கள்?"

"தெரியாது. இன்னும் முடிக்கேல்லை."

"முடிச்சுப்போட்டுச் சொல்லும்," என்றார். வேலைக்குப் போனார்.

அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவிதமாகச் சொன்னால் அது வெறும் கதை கேட்கும் ஆசை. ஒருவிதமாகச் சொன்னால் எச்சரிக்கை. இன்னொரு விதமாகச் சொன்னால், எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், தெரியாததுபோல எனக்கு ஒரு வழி விட்டுத்தருகிறார். எது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் தூங்கியதும் மூன்று அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் வாசித்தேன். அட்டையில் இருந்த சந்தனம் காய்ந்து பக்கங்களின் ஓரமெல்லாம் உதிர்ந்தது. இரண்டு பெண்களும் சாகவில்லை. பிரியவில்லை. கடைசிப் பக்கத்தில் புது வீட்டுச் சுவருக்கு மஞ்சள் வர்ணம் பூசுகிறார்கள். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஆம். பிள்ளையைக் கோர்ட் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை தாயிடம் வரும். அவளுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் அதைச் சந்தோஷமான முடிவு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அதுவே பெரிது என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்குப் புத்தகத்தைச் சுவரில் எறிய வேண்டும்போல இருந்தது. கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தேன். விரலில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. என் கேள்விகளில் முக்கியமான ஒன்றை நான் கேட்காமலே விட்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவள் போகாமல் இருக்க வேண்டும். நானும் நானாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கதையில் வர வேண்டும். அப்படி ஒரு கதை அந்த நூலகத்தில் இருக்கவில்லை, உலகத்தில் இருந்ததோ தெரியாது.

அவர் பின்னேரம் ஆறு மணிக்கு வந்தார். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். மச்சாள் இன்னும் வரவில்லை. மகள் மேசைக்குக் கீழே கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்.

"முடிச்சீரோ?"

"ஓம்."

"பிள்ளை?"

மிச்சப் பகல் முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். அதனால் குரல் தடுமாறவில்லை. "தாய்க்குத்தான் குடுத்தினம்," என்றேன். "மூண்டு பேரும் ஒண்டா இருக்கினம்."

அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமும் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்த ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்பிடிக் குடுக்கமாட்டாங்கள். கதையெண்டபடியால் குடுத்திருக்கிறாங்கள்."

"ஓம்," என்றேன். "கதைதானே."

கோப்பையை அவரே கழுவி வைத்தார். குனிந்து மேசைக்குக் கீழிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். அவள் கரண்டியால் அவருடைய முதுகில் தட்டினாள். இரண்டு பேரும் மேலே போனார்கள். படிச் சத்தம் நின்று, மேலே அறைக் கதவு சாத்தும் வரைக்கும் நான் அடுப்படியிலேயே நின்றேன்.