ஒற்றை ஸ்பிரிங்கா, இரட்டையா?

மன்னார் ஆஸ்பத்திரியின் வாகனத் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். மெலிந்தவர், வெயிலில் கறுத்த முகம், நெடுநாள் தூங்காத கண்கள். நீளமான குறூசர் மோட்டார் சைக்கிள்களாகப் பார்த்து, பின் இருக்கையை இரு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றதும் புத்தி கெட்டு நான் வாங்கியதும் அப்படியொன்றுதான்.

“ஐயா, உங்கட பைக்கில ஒருக்கா பின்னுக்கு இருந்து பாக்கட்டோ?”

“ஏன்?”

“மனிசிக்கு முள்ளந்தண்டில புற்றுநோய். அரிப்புக் கிராமத்தில இருந்து கிளினிக்குக்குக் கொண்டு வரவேணும். ஓட்டோ குலுக்கக் குலுக்கக் கத்துவா. போன முறை கத்தவே இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

ஆஸ்பத்திரி வாகனத்துக்கு யார் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரிசை பிசகாமல் சொன்னேன். அரச உத்தியோகத்தில் வேறென்ன கற்றேன்?

“எல்லாம் குடுத்தாச்சு ஐயா.”

அவரை ஏற்றிக்கொண்டு பள்ளமாகப் பார்த்து ஓட்டினேன். இறங்கியதும் சொன்னார்:

“மற்ற பைக்குகளும் இருந்து பாத்தன். ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் பூட்டினது முதுகில குத்துது. உங்கட மாதிரி சீற்றுக்குக் கீழ ஒண்டு பூட்டினது பரவாயில்லை. வியாழக்கிழமை எங்கட வீட்டை வருவீங்களோ? அவவை நடுவில வைச்சு நான் பின்னால பிடிப்பன்.”

“மூண்டு பேர் போறது குற்றம்.”

“ஓம் ஐயா. விடியவே வாங்கோ.”

போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். ஓட்டியது நான். பாதையைத் திருத்தாமல் விட்டது எந்த அரச கந்தோர் என்பதும் எனக்குத் தெரியும். அவர் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.