காக்காமூக்குக் கயிறு

அடுகோடியில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. மழை விட்டதும் அதில் காக்காமூக்குச் செடிகள் இடுப்பளவு எழும்பும். இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். பூ மட்டும் அத்தனை அழகு: வெளிறிய ரோஜா நிறத்தில் கவிழ்ந்த சின்ன மணிகள், உள்ளே ஊதாப் புள்ளி. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலியோரமெல்லாம் அந்தச் செடியைத் தேடுகிறேன். மகள் பள்ளி வாசலில் அழுகிறாள். பொய் சொல்லிக் குழந்தையை உள்ளே அனுப்பலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் தேடுகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்ட பொய் நல்ல பொய். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிதில் எனக்கும் தினமும் அழுகைதான், சில நாள் வாந்தி. அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். பித்தளைப் பூணிலிருந்து இரண்டு கரிய நகங்கள் எண்ணெய்ப் பளபளப்போடு வளைந்து நின்றன.

"பன்னேர்கட்டா காட்டுப் புலியோட நகம். இதப் போட்ட புள்ளைக்குப் பயமே வராது."

வசதியான வீட்டுக் குழந்தைகள் புலி நகத்தைத் தங்கத்தில் கட்டிப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்பினேன். மறுநாள் அழாமல் வகுப்புக்குள் போய், எல்லாருக்கும் புலி நகத்தைக் காட்டினேன்.

சில வாரம் கழித்து, பக்கத்தில் உட்காரும் கன்னடத்துப் பெண் அதேபோல ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "சுள்ளு, சுள்ளு! பொய் சொல்றா! இது செடியில காய்க்கிறது." பச்சைக் காயைத்தான் நான் பார்த்திருந்தேன். உலர்ந்து தோல் உரிந்தால் உள்ளே இப்படி இருக்குமென்று தெரியாது.

"ஏன் மாமா ஏமாத்துன?"

"காக்காமூக்குதான், ஒத்துக்கறேன். பயம் போச்சா இல்லியா?"

"போச்சு."

"அப்ப புலியா இருந்தா என்ன, காக்காவா இருந்தா என்ன? போடி."

நான் கயிற்றைக் கழற்றவில்லை.

அடுத்த வருடம் மாமாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் விருந்தாளிதான். பெட்டி நிறையச் சாமானோடு வருவார், விடுமுறை முடிந்ததும் போய்விடுவார். சட்டையில் பட்டறை எண்ணெய் வாசனையோடு வந்த மாமா திரும்பவேயில்லை.

முதல்முறை துபாய்க்குப் புறப்பட்ட நாளில் அவர் தட்டில் இட்லி அப்படியே ஆறிக்கிடந்தது. இரண்டு முறை பின்பக்கம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். நான் கயிற்றைக் கழற்றி நீட்டினேன்.

"ப்ளேன்ல பயம் வராது மாமா."

அப்பா சிரித்தார். "போட்டுக்கடா, துபாய் புலியெல்லாம் ஓடிடும்."

மாமா சிரிக்கவில்லை. மண்டியிட்டுத் தலை குனிந்தார். எனக்கு முடிச்சு வரவில்லை. அவரே இறுக்கிக்கொண்டு, நகங்களைச் சட்டைக்குள் தள்ளி, மேல் பித்தானைப் போட்டார்.

அது வெறும் காய் என்று அவருக்குத் தெரியாதா? எனக்காகத்தான் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை அவர் நெஞ்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.