புகை ஏறிய படலம்

குலசேகரத்துப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது ஜெனிலா அக்கா. இரண்டாவது நான். அக்காவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2012இல் அக்கா நாகர்கோவிலில் எம்.எஸ்சி. கடைசி வருடம். மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, கிராம்பு எண்ணெய் சேர்த்து, மெல்லிய படலமாக உலர்த்துவது அவளுடைய ஆய்வு. அதில் ரொட்டியைச் சுற்றி வைத்தால் சீக்கிரம் பூசணம் பிடிக்காது என்று காட்ட வேண்டும். ஆய்வு அந்தப் பருவத்திலேயே முடிந்தால் கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரியில் தட்டு போதவில்லை. வீட்டில் ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டுகள் கிடந்தன. தேய்த்துக் கழுவி அதில் ஊற்றினாள்.

"இது ரப்பர் ஷீட்டா, கஞ்சியா மக்ளே?" என்றார் அவளுடைய அப்பா ஜான்ரோஸ். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்.

"ரொட்டிக்குச் சட்டைப்பா."

"எனக்கு ஒண்ணு தைக்க மாட்டியா?"

ஆனால் மழை விடவில்லை. படலம் உலராமல் பிசுபிசுத்தது. கடைசியாக ஒரு முறைதான் நன்றாக வந்தது. அதில் சுற்றிய ரொட்டி நாள் போகப் போக அப்படியே இருந்தது. வழிகாட்டி சார் போனில், "பிரமாதம்! இதை வச்சே முடிச்சிடலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த படலத்தை முகர்ந்து பார்த்த அக்காவின் முகம் மாறியது.

"அம்மா, இதை எங்க காய வச்ச?"

"புகைப்புரையிலதான்," என்றார் சத்தியபாய் அத்தை. "மழையில ஷீட்டெல்லாம் பின்ன எங்க காயும்? நீயும் காயல, காயலன்னு கிடந்து கரைஞ்சிட்டு இருந்தியே. தட்டோட தூக்கி வச்சேன்."

ரப்பர் ஷீட்டில் பூசணம் வராமலிருக்கத்தான் எங்கள் ஊரில் புகைப்புரைக் கொட்டகையில் தொங்கவிட்டுப் புகை போடுவது. அத்தைக்கு அது அடுப்பு மூட்டுவது மாதிரி. ரொட்டியைக் காத்தது கிராம்பா, புகையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"சாருக்குத் தெரியவா போவுது? சொல்லாண்டாம் மக்ளே," என்றார் ஜான்ரோஸ் மாமா. வேலை போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

"எனக்குத் தெரியுமேப்பா."

அப்போதே சாரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது. கொச்சி வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்த பருவம் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு மின்விசிறிக் காற்றில் உலர்த்தினாள். சாவி அவள் இடுப்பில். இந்த முறை ரொட்டி அவ்வளவு நாள் தாங்கவில்லை. ஆனால் எண்ணெய் சேர்க்காத படலத்தில் வைத்ததைவிடக் கூடுதல் நாள் தாங்கியது. அதை மட்டும் எழுதிக் கொடுத்தாள். தாமதமான காரணத்தைக் கேட்ட தேர்வாளரிடம், "அம்மா புகை போட்டுட்டாங்க சார்" என்றே சொன்னாளாம்.

வாய்மொழித் தேர்வு முடிந்து வந்தவளை அத்தை புகைப்புரை வாசலிலேயே மறித்தார்.

"புகை இல்லாம நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா. உனக்க புகை அளவுக்கு இல்ல."

"பின்ன!" என்று சொல்லி, அத்தை உள்ளே போய் விறகைத் தள்ளினார்.