நல்லமுத்துவின் பில்டர்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்தவர்களில் நல்லமுத்து அளவுக்குத் தலைக்கனம் பிடித்த ஒருவனை நான் பார்த்ததில்லை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்துக் கீறல் விட்டதைக் கழித்துப் போடுவது அவன் வேலை. அந்த ஒரு விரலையும் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு உலகத்தையே சுண்டிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு அவனுக்கு.

எழுபத்திரண்டில் அவன் வேலை பார்த்த பட்டறையில், பில்டருக்குள் வைத்துத் தண்ணீர் வடிகட்டும் பீங்கான் கேண்டிலும் செய்ய ஆரம்பித்தார்கள். கழித்துப் போட்ட கேண்டில் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தானாம்; நல்லதாம். இரண்டு பானைகளை அடுக்கி, மேல்பானைக்குள் அதைப் பொருத்தி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். மற்ற வீட்டு பில்டரில் ஒரு குடம் இறங்க ஒரு பொழுது ஆகும். இவனுடையதில் அரை மணியில் இறங்கியது. அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்!

அவன் மனைவி பாஞ்சாலையும் அங்கேதான் கூலிக்குப் போனாள். கேண்டிலைத் தண்ணீரில் முக்கி, குழாய் வைத்து ஊதி, எங்காவது கீறல் வழியாகக் குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பது பெண்களின் வேலை.

“இவ்ளோ வேகமா எறங்குதே, ஒரு தடவ ஊதிப் பாத்துடலாங்க” என்றாள்.

“என் காத வுட ஒன் வாயி பெருசா? அதுல கைய வச்சுடாத!”

பாஞ்சாலை வேறு வழி பார்த்தாள். தினமும் அவன் எழுந்திருக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, மேல்பானையில் ஊற்றி வைத்தாள். அது அவள் மகள் ஆதிலட்சுமிக்கும், அடுத்த வீட்டுக்காரியான எனக்கும் மட்டும் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை. “பாத்தீங்களா எம் பில்டர!” என்று மார்தட்டினான் அந்த மகாராசன். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூட்டுவானேன் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஐப்பசி மழையில் கிணறு கலங்கிக் கிடந்தபோது, பெண்ணாடத்தில் தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பாஞ்சாலை மட்டும் கிளம்பினாள். “தண்ணிய காய்ச்சி ஊத்துங்க” என்று கெஞ்சிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பில்டர் வைத்திருக்கிற வீட்டில் தண்ணீர் காய்ச்சினால் ஊர் சிரிக்குமாம், அவன் காய்ச்சவில்லை.

ஐந்தாம் நாள் ஆதிலட்சுமிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஆறு வயதுப் பிள்ளை. கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை. நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவனும் கூடவே வந்தான், “கடையில தின்ன போண்டாதான்” என்று வழியெல்லாம் பில்டருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு. அறையலாம் போல இருந்தது எனக்கு. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள்.

சேதி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்த பாஞ்சாலை, பிள்ளையோடு வீடு திரும்பிய அன்றே அந்த பில்டரைத் திறந்தாள். கேண்டிலைக் கழற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, ஊதினாள். ஒரு பக்கம் நெடுக, உலை கொதிப்பது போலக் குமிழி கிளம்பியது. எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இப்ப சுண்டிப் பாருங்க.”

சுண்டினான், வெட்கங்கெட்டவன். காதோரம் வைத்துக் கேட்டான்.

“சத்தம் நல்லாத்தான் இருக்குது.”

அப்போது பாயில் கிடந்த ஆதிலட்சுமி தண்ணீர் கேட்டாள். அவன் ஓடிப்போய் ஒரு டம்ளரில் மொண்டுகொண்டு வந்து நீட்டினான். பிள்ளை டம்ளரைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பியது.

“பெரியம்மா, இது அம்மா காச்சுனதா?” என்று கேட்டது.