கைப்பிடிச் சூடு

பைக்குகளுக்கு வயரிங் பார்க்கும் அந்த மனிதரைத் தெருவே ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடும். ஆள் என்னவோ அதற்கு நேர் எதிர். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். ஆனால் வேலையில் கறார். விளக்கு, ஹாரன் எதுவானாலும் சாவி வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும்; சாவியை எடுத்தால் எல்லாம் அணைய வேண்டும். நேராகப் பேட்டரியில் வயரைச் சொருகிவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு இறங்கி வருவாள். சனிக்கிழமை வந்தால் திங்கள் காலை கிளம்பிவிடுவாள். மாற்றல் கேட்டு ஐந்து வருடம் ஆகிறது, கேட்டதுதான் மிச்சம். “அக்கா மலை ஏறினா மாமாவுக்கு ஃபியூஸ் போயிடும்” என்பான் மச்சினன். கிண்டல் இல்லை, நிஜம்தான். அவளில்லாத நாட்களில் அவர் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணை உறுத்தும்.

இந்தத் தடவை வந்தவள் விரல்களை நீட்டிக் காட்டினாள்.

“ஏங்க, மேல குளிர்ல கை மரத்துப்போகுது. கிளட்ச்சைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல. ஏதாவது பண்ணுங்க.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியோடுதான் இருந்தார். பழைய ரப்பர் கைப்பிடிகளை அறுத்தெடுத்து, உள்ளே சூட்டுக் கம்பி ஓடும் புதியவற்றைப் பசை தடவி ஏற்றினார். ஆக்ஸிலேட்டர் பக்கம் வயருக்குத் தாராளமாக வளைவு விட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்தார். சுவிட்சைப் போட்டதும் சூடு ஏறியது. அவள் வந்து இரண்டையும் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

“இனிமே மழைக்காலத்துலகூட பயமில்லாம வரலாம்.”

அவள் வருவதைச் சொன்னாள். அவருக்கோ அவள் போவதுதான் கண்முன் நின்றது. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தால் என்ன? அவள் உள்ளே போனதும் சிவப்பு வயரைச் சாவி லைனிலிருந்து பிரித்து நேராகப் பேட்டரியில் மாட்டினார். சுவிட்சை அணைக்கவில்லை. விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும். வேறொருவன் செய்திருந்தால் அவனைக் கடைவாசலில் நிற்கவிட்டிருக்க மாட்டார்.

காலையில் அவள் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“பேட்டரி இறங்கிடுச்சு போல” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. “சார்ஜ் ஏற சாயங்காலம் ஆயிடும். நாளைக்குப் போயேன்.”

அவள் கைப்பிடியைத் தொட்டாள். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. சாவியை உருவி சீட்டைத் திறந்து, சிவப்பு வயர் எங்கே போகிறது என்று பார்த்தாள். பதினோரு வருடம் ஒரு வயரிங்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

“ஒரு நாள் இருன்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே.”

“கேட்டா இருந்திருப்பியா?”

அவள் கண் கலங்கிவிட்டது. “மாட்டேன். நான் போனாத்தான் அங்க டியூட்டியில இருக்கிறவ வீட்டுக்குப் போக முடியும். அவளுக்கும் வீட்ல ஆள் காத்துக்கிட்டு இருக்கும்ல.”

அவர் வயரை அதற்குரிய இடத்தில் மாட்டி டேப் சுற்றினார். டேப் இரண்டு முறை கோணிக்கொண்டது.

“தள்ளுங்க” என்றாள், இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி.

தள்ளினார். தன் கையாலேயே, பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவின் சரிவில் ஓடினார். அவள் கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிப் பிடித்துக்கொண்டது.

“எங்கேயும் நிறுத்தாதே. அணைஞ்சா மறுபடி எடுக்காது” என்று பின்னாலிருந்து கத்தினார். தொழில் புத்தி.

எப்போதும் அவள் தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நின்று, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்த அரை நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இரண்டு வாரத்தை ஓட்டுவார்.

அன்றைக்கு அவள் நிறுத்தவில்லை.