தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன்

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இது பிறவிக் குணம் இல்லை, தொழில் தந்தது. ஓய்வு பெறும்வரை வாகன இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். அடிபட்ட காரைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்வது நிஜமா புளுகா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வெள்ளத்தில் மூழ்கின காரைக் கழுவித் துடைத்து, வாசனை அடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுப்பேன். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும். அப்படி இழுத்து இழுத்தே பழகிப்போனதில், புதிதாக யாரைப் பார்த்தாலும் இவருடைய பெல்ட் எங்கே இருக்கிறது என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

அதனால் கூட்டுக் குடியிருப்பு என்று என் மனைவி பேச்செடுத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு, "யாரு சொன்னா?" என்றுதான் கேட்டேன்.

"பக்கத்து வரிசை டீச்சர். அவங்களும் சேரப் போறாங்களாம்."

டீச்சர் ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அவர் சொன்னதாக என் மனைவி விவரித்தாள். மூவார் ஊருக்கு உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கிற பழைய செம்பனைத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம். சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடு கட்டிக்கொள்வார்கள். பெரிய சமையலறை, துணி துவைக்கும் இடம், காய்கறித் தோட்டம் எல்லாம் பொது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள், வெயிலில் மின்சாரம் எடுப்பார்கள், குப்பையை மண்புழுவுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் பகிர்ந்துகொள்வதால் நம்மைப் போன்றவர்களுக்கும் கட்டுபடியாகும்.

"புழுவுக்கும் ஒரு வீடு உண்டா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாயில் எங்கள் வீடு, தொழிற்சாலைகளுக்குப் பக்கம். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்து வைப்போம். தலையணைகளை முதுகுக்கு அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் அவள் தூங்குவாள், வாய் திறந்திருக்கும், மூச்சு விசிலடிக்கும். "முடிஞ்சா இடத்த மாத்துங்க," என்று டாக்டர் ஏதோ மாத்திரையை மாற்றச் சொல்வதுபோல் சொன்னார். தெப்ராவ் பக்கம் வீடு பார்த்தோம். அங்கே நல்ல காற்று வீசும் தெருக்களில் விலை கேட்டதும் எனக்கே மூச்சு முட்டியது.

ஆக, அவளுக்கு வேறு இடம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வீட்டை விற்றால்தான் அந்த வீடு. விற்ற பிறகு அங்கே ஏமாந்தால், அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

முதல் கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. கடைக்காரரும் சேரப் போகிறவர்களில் ஒருவர். பூர்வீகம் தமிழ்நாட்டுக் கடற்கரை, மூன்று தலைமுறையாக இங்கே கடை. எல்லாரையும் ஒன்று சேர்த்தவள் ஒரு கட்டடக் கலைஞர். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற பெண், என் மகள் வயது இருக்கும். சிரித்த முகம். சிரித்துக்கொண்டே கையெழுத்துக் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இங்க வந்தா உங்களுக்கு என்ன வேணும்? எது இல்லன்னா வரமாட்டீங்க? ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள்.

கடைக்காரர் முதலில் சொன்னார். "வாரத்துல ஒரு நாளாச்சும் வேற யாராவது சமைச்சுப் போடணும். நான் உக்காந்து சாப்பிடணும். அவ்ளோதான் லா."

எல்லாரும் சிரித்தார்கள். பொதுச் சமையலறையைக் காட்டி ஓசியில் ஒரு கிளை திறக்கப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டீச்சர், "பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுல இருக்காங்க. காலையில நான் கதவத் திறக்கலன்னா மத்தியானத்துக்குள்ள யாராவது வந்து தட்டணும்," என்றார். சம்பளமில்லாமல் நர்ஸ் தேடுகிறார் என்று அதற்கும் ஒரு குறிப்பு மனதில் எழுதினேன்.

என் மனைவி முறை வந்தது. "ஜன்னலத் திறந்து வச்சுட்டுத் தூங்கணும்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டபோது, நான் கேட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பொதுச் சமையலறையில் என்ன சமைக்கலாம், என்ன கூடாது என்ற பேச்சு வந்தது. இதில் கட்டாயம் அடித்துக்கொள்வார்கள், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தேன். பன்றி வேண்டாம், மாடு வேண்டாம், கோழி ஹலாலாக இருக்கட்டும், சைவத்துக்குத் தனிப் பாத்திரம் என்று ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறவர்களை எப்படி நம்புவது?

அடுத்து நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். அன்று மனைவிக்கு நெஞ்சு சரியில்லை. சரியாக இருந்திருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை நிறுத்தியிருப்பேன். பார்த்தால் ஆசைப்பட்டுவிடுவாள். ஆசைப்பட்டவர்களை ஏமாற்றுவது சுலபம்.

நல்ல வெயில். நிலம் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. மற்றவர்கள் எங்கே மா வைக்கலாம், எங்கே கறிவேப்பிலை வைக்கலாம் என்று பேசிக்கொண்டு நடந்தார்கள். நான் சரிவில் இருந்த பழைய உரக் கொட்டகைக்குப் போனேன். பலகைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பலகை கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சேறு உதிர்ந்தது. பெல்ட் கையில் கிடைத்துவிட்டது.

"இது என்னாம்மா?" என்று அந்தக் கட்டடக் கலைஞர் பெண்ணைக் கேட்டேன்.

"மழ பெஞ்சா கொஞ்சம் தண்ணி நிக்கும் அங்கிள்."

கொஞ்சம். கதவே இல்லாமல் கார் கொண்டுவந்தவர்களும் கொஞ்சம் உரசிவிட்டது என்றுதான் என்னிடம் சொல்வார்கள். வரைபடத்தில் பொதுச் சமையலறை அந்தக் கொட்டகை இருந்த இடத்திலேயே போடப்பட்டிருந்தது.

வீட்டில் கொட்டித் தீர்த்தேன். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும், டீச்சருக்கும் தெரிந்திருக்கும், நம்மைத்தான் மாட்டிவிடுகிறார்கள் என்றேன். மனைவி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"எல்லாரையும் கள்ளன்னு சொல்லிட்டீங்க. நானும் டீச்சரும்தான் கூட்டாளின்னு சொல்லிடாதீங்க," என்றாள். பிறகு, "அங்க இருமல் வந்துச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பொங்கல் முடிந்து கையெழுத்து என்று முடிவாகியிருந்தது. அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். பெருமழை பெய்யும் நாளில், யாருக்கும் சொல்லாமல் போய் என் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆட்களைக் கேட்டால் பொய் வரும், தண்ணீரைக் கேட்டால் வராது.

விடாமல் மழை கொட்டிய ஒரு நாள் காலை, மூவாரில் அலமாரி பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். மூவார் மரச்சாமானுக்குப் பேர்போன ஊர். பொய் பொருத்தமாகத்தான் இருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடைய எடுத்துக்குங்க," என்றாள்.

நிலத்தை அடைந்தபோது நண்பகல். குடையை எடுக்கக் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். குடைக்குப் பக்கத்தில் என் ரப்பர் பூட்ஸ், ஒரு துண்டு, சுடுநீர்க் குடுவை. பூட்ஸை நான் வைக்கவில்லை. அலமாரி பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு பூட்ஸ் என்று யோசித்துக்கொண்டே மாட்டிக்கொண்டேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு வேன் நின்றது. பக்கத்தில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையோடு கடைக்காரர். கையில் ஒரு நீளக் குச்சி. என்னைப் பார்த்ததும் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்னாண்ணே, இந்தப் பக்கம்?"

"அலமாரி பார்க்க வந்தேன். நீங்க?"

"சாமான் வாங்க வந்தேன்." தலையிலிருந்த பையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இங்கயா அலமாரி விக்கிறாங்க?" என்று அவர் கேட்டார்.

இவர் நம்மைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படியேதான் நினைத்தாராம், பிறகு சொன்னார். நல்லவேளை, வேனுக்குப் பின்னால் நின்ற கார் ஒன்றின் கண்ணாடி இறங்கியது. உள்ளே டீச்சர்.

"பொய் சொல்ற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு," என்றார் டீச்சர். "பஞ்சீர் வந்து வெள்ளம் ஏறுதான்னு பார்க்கத்தான் வந்தேன். நீங்களும் அதுக்குத்தானே?"

கடைக்காரர் குச்சியை முன்னால் கொண்டுவந்தார். அதில் கத்தியால் கோடு கீறி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் நான் ஒருவன்தான் விவரமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேருமாகக் கொட்டகைப் பக்கம் இறங்கினோம். ஓடை கரையைத் தாண்டியிருந்தது. அந்தப் பெண் மழைச் சட்டையோடு ஆடுசதை வரை தண்ணீரில் நின்றுகொண்டு, பலகையில் ஆணியால் கோடு கீறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவளை நான் நம்பலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது அப்போதுதான்.

ஆனாலும் கேட்டேன். "கொஞ்சம் தண்ணி நிக்கும்னு சொன்னியேம்மா. இதுவா கொஞ்சம்?"

"எவ்ளோ ஏறும்னு எனக்கும் தெரியாது அங்கிள். பெரிய மழைக்கெல்லாம் வந்து பார்க்கிறேன். கையெழுத்துக்கு முன்னாடி சொல்லத்தான் இருந்தேன். முன்னாடியே சொன்னா எல்லாரும் ஓடிடுவீங்கன்னு பயந்தேன்."

"சொல்லாம இருந்தாதான் ஓடுவோம்," என்றேன். கோபம்தான். அவள் தலையாட்டினாள். மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே ஈரம் மட்டும்தான், தண்ணீர் நிற்கவில்லை. வீடுகளுக்கு ஆபத்தில்லை, சமையலறையைத்தான் மேலே கொண்டுவர வேண்டும். மேலே என்றால் எங்கள் வீடு வருகிற மூலைக்குப் பக்கத்தில். இதை எங்கள் தலையில் கட்டத்தானா இவ்வளவும் என்று எனக்கு உடனே பழைய சந்தேகம் எழுந்தது.

நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் சொன்னார். "அங்க வேணாம்மா. தாளிக்கிற புகை அக்காவுக்கு ஆகாது. அவங்க ஜன்னலத் திறந்து வச்சுத் தூங்கணும்னு சொன்னாங்கல்ல? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து, அதுக்கு எதிர்ப் பக்கம் வைங்க. என் வீட்டுப் பக்கம் வந்தாலும் பரவால்ல. நான் புகையிலேயே வளர்ந்தவன்."

கடை மாடியில் என் மனைவி ஒரே ஒரு தடவை சொன்னதை இந்த மனிதர் ஞாபகம் வைத்திருந்தார். கூடவே குடியிருக்கும் நான் ஓடையைப் பார்த்தேன், சேற்றைப் பார்த்தேன், எல்லைக் கல்லைக்கூடக் குனிந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"மூவார்ல."

"தண்ணி ஏறுதா?"

நான் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தேன். "கீழ ஏறுது. மேல ஏறல," என்றேன்.

"காத்து எப்படி இருக்கு?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். மழை வாசனை, அழுகும் மட்டை வாசனை. ஆனால் அத்தனை வருஷம் மாசாயில் கிடந்த மூக்கு இது, இதை நம்பி என்ன சொல்வது? "எனக்குத் தெரியல. நீயே வந்து பாரு," என்றேன்.

"அதுக்குத்தான் இத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போனேன். தூறல் விட்டு விட்டு விழுந்தது. அவள் மேட்டில் கொஞ்சம் நடந்தாள், எங்கள் மூலையில் நின்று பார்த்தாள், உடனே காருக்குத் திரும்பிவிட்டாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அந்தப் பெண்ணோடு வடிகால் விஷயமாகப் பேசப் போனேன். பேச்சு நீண்டது. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

திரும்பி வந்தபோது காரின் ஜன்னல் முழுக்க இறங்கியிருந்தது. இருக்கையைப் பின்னால் நன்றாகச் சாய்த்துவிட்டு என் மனைவி படுத்திருந்தாள். உட்கார்ந்தபடி இல்லை, படுத்து. மூச்சு மருந்து மடியில் அப்படியே கிடந்தது. வாய் மூடியிருந்தது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. குனிந்து, காதை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, அந்த விசில் சத்தத்துக்காகச் சந்தேகத்தோடு காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

கதவைத் திறந்தால் சத்தத்தில் விழித்துக்கொள்வாள். தூறல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அவள் மேல் சாரல் படாமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.